மீநெடுந்தொலைவு விளையாட்டுகளில் கொழுப்புத் துணையுணவுகள்

மீநெடுந்தொலைவு விளையாட்டுகளில் கொழுப்புத் துணையுணவுகள் என்பவை, பல மணி நேரம் முதல் பல நாட்கள் வரை நீடிக்கும் ஓட்டம், மிதிவண்டிப் பந்தயம், டிரையத்லான் முதலிய போட்டிகளில் உடலுக்குக் கூடுதல் ஆற்றல் தரும் என்ற நோக்கில் உட்கொள்ளப்படும் எண்ணெய்களும் கொழுப்பு சார்ந்த பிற பொருட்களும் ஆகும். நடுச்சங்கிலி டிரைகிளிசரைடு எண்ணெய், மீன் எண்ணெய் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. கீட்டோன் பானங்களும், துணையுணவு அல்லாத கொழுப்பு மிகுந்த உணவு முறையும் இவற்றோடு சேர்த்தே ஆராயப்படுகின்றன.

உடலில் கொழுப்பு பெருமளவில் சேமிக்கப்பட்டுள்ளது. மாவுச்சத்தின் சேமிப்போ மிகக் குறைவு. ஆகவே கொழுப்பைக் கூடுதலாக எரிக்கச் செய்தால் களைப்பைத் தள்ளிப்போடலாம் என்பதே இத்துணையுணவுகளின் அடிப்படைக் கருத்து. கொழுப்பு எரிதலை உணவின் மூலம் கூட்ட முடியும் என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. ஆனால் அதனால் போட்டியில் வேகம் கூடும் என்பது பெரும்பாலான ஆய்வுகளில் நிறுவப்படவில்லை.

மீநெடுந்தொலைவு விளையாட்டுகள்

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர் ஆகும். இதைவிட நீண்ட ஓட்டங்கள் அல்ட்ரா மாரத்தான் எனப்படுகின்றன. பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் போட்டிகளை ஆய்வாளர்கள் மீநெடுந்தொலைவு வகையில் சேர்ப்பர். அவற்றுள் சில:

• காம்ரேட்ஸ் மாரத்தான் – தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய நகரங்களுக்கு இடையே 1921 முதல் நடைபெறுவது. தொலைவு ஏறத்தாழ 90 கி.மீ.
• வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் – அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடைபெறும் 161 கி.மீ. (100 மைல்) மலைப்பாதை ஓட்டம். குதிரைப் பந்தயமாக இருந்த இப்பாதையை 1974இல் கோர்டி ஐன்ஸ்லீ என்பவர் குதிரையின்றி ஓடியே 24 மணி நேரத்துக்குள் கடந்தார்.
• அயர்ன்மேன் டிரையத்லான் – 1978இல் ஹவாயில் தொடங்கியது. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம் ஆகியவற்றை உடையது.
• ஸ்பார்ட்டத்லான் – கிரேக்க நாட்டில் ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டா வரை 246 கி.மீ. ஓட்டம். 1983 முதல் நடைபெறுகிறது.

உடலின் ஆற்றல் இருப்பு

ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றலையும், ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரி ஆற்றலையும் தருகின்றன. மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. தசைகளில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராமும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் கிளைக்கோஜன் இருக்கும். இதன் மொத்த ஆற்றல் ஏறக்குறைய 2,000 கிலோகலோரி மட்டுமே. மாறாக, 70 கிலோகிராம் எடையும் 10 விழுக்காடு கொழுப்பும் உடைய மெலிந்த ஓட்டக்காரரிடம்கூட 7 கிலோகிராம் கொழுப்பு உள்ளது. இதன் ஆற்றல் 60,000 கிலோகலோரிக்கும் மேலாகும்.

ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. அவ்வாறாயின் மேற்கூறிய ஓட்டக்காரர் 161 கி.மீ. தொலைவைக் கடக்கச் சமதளத்திலேயே 11,000 கிலோகலோரிக்கு மேல் தேவைப்படும். கிளைக்கோஜன் இருப்பு இதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதை வழியில் உண்ணும் உணவும் உடற்கொழுப்பும் ஈடுசெய்ய வேண்டும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, மீநெடுந்தொலைவுப் போட்டிகளில் கொழுப்பு தவிர்க்க முடியாத எரிபொருள். இரண்டாவது, அக்கொழுப்பு ஏற்கெனவே உடலில் தேவைக்கு மேல் உள்ளது. எனவே, வாய்வழி உட்கொள்ளும் சிறிதளவு கொழுப்பால் உடலின் கொழுப்பு இருப்பு குறிப்பிடும்படி உயர்வதில்லை. அது கிளைக்கோஜனை மிச்சப்படுத்துகிறதா என்பதே ஆய்வாளர்கள் விடை தேடிய கேள்வி.

ஆக்சிசன் செலவு

குளுக்கோசின் ஒரு மூலக்கூறு முழுமையாக எரிய 6 ஆக்சிசன் மூலக்கூறுகள் தேவை. 6 கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகள் வெளிவரும். பால்மிட்டிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தின் ஒரு மூலக்கூறு எரிய 23 ஆக்சிசன் மூலக்கூறுகள் தேவை. 16 கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகள் வெளிவரும். வெளிவரும் கார்பன் டைஆக்சைடை உட்செல்லும் ஆக்சிசனால் வகுத்துக் கிடைக்கும் மூச்சு விகிதம் குளுக்கோசுக்கு 1.0 ஆகவும், கொழுப்புக்கு ஏறத்தாழ 0.7 ஆகவும் இருக்கிறது. மூச்சுக்காற்றை அளந்தே ஒருவர் எந்த எரிபொருளை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று கணிக்க இதுவே வழிசெய்கிறது.

ஒரு லிட்டர் ஆக்சிசனைக் கொண்டு மாவுச்சத்திலிருந்து ஏறத்தாழ 5.0 கிலோகலோரியும், கொழுப்பிலிருந்து ஏறத்தாழ 4.7 கிலோகலோரியும் பெறலாம். அதாவது, அதே வேகத்தில் ஓடக் கொழுப்பை எரிப்பவருக்குச் சற்றுக் கூடுதலான ஆக்சிசன் தேவை. மெதுவாக ஓடும்போது இவ்வேறுபாடு பெரிதன்று. உச்ச ஆக்சிசன் பயன்பாட்டை நெருங்கி ஓடும்போது அது வேகத்தைக் குறைக்கும்.

உழைப்பின் கடுமையும் எரிபொருளைத் தீர்மானிக்கிறது. 1993இல் ரோமைன் குழுவினர் பயிற்சி பெற்ற மிதிவண்டி வீரர்களை உச்ச ஆக்சிசன் பயன்பாட்டின் 25, 65, 85 விழுக்காட்டு அளவுகளில் ஆராய்ந்தனர். கொழுப்பு எரியும் வீதம் 65 விழுக்காட்டில் மிகுதியாகவும், 85 விழுக்காட்டில் குறைந்தும் காணப்பட்டது. பயிற்சியினால் இழைமணிகள் பெருகும்போது, துணையுணவு ஏதுமின்றியே கொழுப்பை எரிக்கும் திறன் உயர்கிறது.

வரலாறு

கொழுப்பு உணவுடன் நெடும்பயணம் செய்தோரின் பட்டறிவு இத்துறைக்கு முற்பட்டது. அமெரிக்கப் படை அலுவலரான பிரெடரிக் ஷ்வாட்கா, 1878 முதல் 1880 வரை ஆர்க்டிக் பகுதியில் 5,000 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவைச் சறுக்குவண்டிகளுடன் கடந்தார். அவரது குழுவினர் பெரும்பாலும் இனுவிட் மக்களின் வேட்டை உணவையே உண்டனர். இவ்வுணவுக்கு மாறிய தொடக்கத்தில் உடல் தளர்வதையும், இரண்டு மூன்று வாரங்களில் அத்தளர்ச்சி நீங்குவதையும் அவர் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

ஆய்வகச் சான்று வேறு திசையைக் காட்டியது. 1920இல் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக், யொஹான்னஸ் லின்ட்ஹார்ட் ஆகியோர், கொழுப்பை எரிக்கும் தசை உழைப்பு மாவுச்சத்தை எரிக்கும் உழைப்பைவிடச் சிக்கனம் குறைந்தது என்று காட்டினர். 1939இல் கிறிஸ்டென்சன், ஹான்சன் ஆகியோரின் ஆய்வில், மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டவர்கள், கொழுப்பு மிகுந்த உணவை உண்டபோது உழைத்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் உழைக்க முடிந்தது. 1960களில் சுவீடனின் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் ஆகியோர் ஊசி மூலம் தசைத்துணுக்கு எடுத்து ஆராய்ந்து, கிளைக்கோஜன் தீர்வதும் களைப்பும் தொடர்புடையவை என்பதை நிறுவினர்.

1977இல் அமெரிக்காவின் டேவிட் காஸ்டில் குழுவினர், கொழுப்பு உணவுடன் ஹெப்பாரின் என்னும் மருந்தையும் செலுத்தி இரத்தத்தில் கொழுப்பு அமில அளவை உயர்த்தினர். அரைமணி நேர ஓட்டத்தில் கிளைக்கோஜன் செலவு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. கொழுப்பு அமிலம் போதிய அளவில் கிடைத்தால் தசை கிளைக்கோஜனை மிச்சப்படுத்தும் என்பது இதனால் தெளிவாயிற்று. ஆயினும் ஹெப்பாரின் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து. போட்டியாளர்கள் பயன்படுத்தத் தக்கதன்று. அதே விளைவை உணவின் மூலம் பெற முடியுமா என்ற தேடலே கொழுப்புத் துணையுணவுகளுக்கு வழிவகுத்தது.

நடுச்சங்கிலி டிரைகிளிசரைடுகள்

சமையல் எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்களைக் கொண்ட நெடுஞ்சங்கிலி வகையின. இவை செரிக்கப் பித்தநீர் தேவை. பின்னர் நிணநீர் வழியாகச் சுற்றிச் சென்று, பல மணி நேரம் கழித்தே இரத்தத்தை அடைகின்றன. இழைமணிக்குள் நுழையக் கார்னிட்டைன் என்னும் பொருளின் துணையும் வேண்டும். எனவே போட்டியின்போது இவை உடனடி எரிபொருளாகப் பயன்படுவதில்லை.

8 அல்லது 10 கார்பன் அணுக்களைக் கொண்ட நடுச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் விரைவில் கலக்கின்றன. இழைமணிக்குள் நுழைய இவை பெருமளவு கார்னிட்டைனைச் சார்ந்திருப்பதில்லை. இப்பண்புகளால் இவை போட்டிக்கு ஏற்ற கொழுப்பு எனக் கருதப்பட்டன. தேங்காய் எண்ணெய், பனைக்கொட்டை எண்ணெய் ஆகியவற்றிலிருந்து இவை பிரித்தெடுக்கப்படுகின்றன.

தேங்காய் எண்ணெயும் நடுச்சங்கிலி டிரைகிளிசரைடு எண்ணெயும் ஒன்றல்ல என்பது குறிப்பிடத்தக்கது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி, 12 கார்பன் அணுக்களைக் கொண்ட லாரிக் அமிலம் ஆகும். இதன் பெரும்பகுதி நெடுஞ்சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகச் செல்கிறது. 8, 10 கார்பன் அணுக்கள் கொண்டவை தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 15 விழுக்காடே உள்ளன.

முக்கிய ஆய்வுகள்

1996இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வான் சைல் குழுவினர் ஆறு மிதிவண்டி வீரர்களை ஆராய்ந்தனர். இரண்டு மணி நேரம் மிதித்த பின் 40 கி.மீ. தொலைவை இயன்ற வேகத்தில் கடக்கும்படி அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். குளுக்கோசுடன் நடுச்சங்கிலி எண்ணெய் சேர்த்துப் பருகியபோது, குளுக்கோசு மட்டும் பருகியதைவிட விரைவாக முடித்தனர். எண்ணெயை மட்டும் பருகியபோது மிகவும் பின்தங்கினர். இவ்வாய்வே துணையுணவு விற்பனையாளர்களால் பெரிதும் எடுத்துக்காட்டப்பட்டது.

பின்னர் வந்த ஆய்வுகள் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. 1998இல் அஸ்கர் யூக்கென்ட்ரூப் குழுவினர் 85 கிராம் எண்ணெயைக் கொடுத்துச் சோதித்ததில் பயன் காணப்படவில்லை; எண்ணெய் மட்டும் பருகியோரின் செயல்திறன் குறைந்தது. 2000இல் ஆங்கஸ் குழுவினரின் 100 கி.மீ. மிதிவண்டிச் சோதனையில் மாவுச்சத்து பயன் தந்தது. அதனுடன் எண்ணெய் சேர்த்ததால் மேலும் பயன் எதுவும் கிட்டவில்லை. 2005இல் கேப் டவுனில் கோடெக்கெ குழுவினர் மீநெடுந்தொலைவுப் போட்டியை ஒத்த நான்கரை மணி நேரச் சோதனையை நடத்தினர். இடையிடையே விரைவோட்டங்களும் இருந்தன. நடுச்சங்கிலி எண்ணெய் உட்கொண்டோரின் விரைவோட்டத் திறன் குறைந்தது. வயிற்றுக் கோளாறுகளும் தோன்றின.

இதற்கான முதன்மைக் காரணம் குடலின் தாங்கும் எல்லையே ஆகும். ஏறத்தாழ 30 கிராமுக்கு மேல் உட்கொண்டால் பலருக்கு வயிற்றுப் பிடிப்பும் வயிற்றுப்போக்கும் ஏற்படுகின்றன. 30 கிராம் எண்ணெய் தரும் ஆற்றலோ ஏறத்தாழ 250 கிலோகலோரி மட்டுமே. நெடும்போட்டியின் மொத்தச் செலவில் இது மிகச் சிறு பங்கு. பயன் தரக்கூடிய அளவைக் குடல் ஏற்பதில்லை. குடல் ஏற்கும் அளவு பயன் தருவதில்லை.

கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பழகுதல்

போட்டியின்போது கொழுப்பு உண்பதற்கு மாறாக, வாரக்கணக்கில் கொழுப்பு மிகுந்த உணவை உண்டு உடலைப் பழக்குவது மற்றொரு முறை. 1983இல் ஸ்டீபன் ஃபின்னி குழுவினர் ஐந்து மிதிவண்டி வீரர்களுக்கு நான்கு வாரங்கள் நாளொன்றுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்தே கொடுத்தனர். மிதமான வேகத்தில் களைப்படையும் வரை மிதித்த நேரம் முன்னர் சராசரியாக 147 நிமிடங்கள். பின்னர் 151 நிமிடங்கள். இவ்வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் பொருட்படுத்தத் தக்கதன்று. சராசரி சற்றே உயர்ந்தமைக்கு ஒரே ஒரு வீரரின் பெரும் முன்னேற்றம் முதன்மைக் காரணம் என்பதும் கவனிக்கத்தக்கது. எனினும் மாவுச்சத்து மிகக் குறைந்த நிலையிலும் மிதமான உழைப்பு இயலும் என்பதை இவ்வாய்வு காட்டியது.

2006இல் ஹாவெமன் குழுவினர், ஆறு நாட்கள் கொழுப்பு உணவும் ஒரு நாள் மாவுச்சத்து உணவும் கொடுத்து 100 கி.மீ. மிதிவண்டிச் சோதனை நடத்தினர். மொத்த நேரத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இடையில் வந்த ஒரு கிலோமீட்டர் விரைவோட்டங்களில் திறன் குறைந்தது. அதே ஆண்டில் ஸ்டெல்லிங்வெர்ஃப் குழுவினர் இதற்கான காரணத்தைத் தசையில் கண்டனர். கொழுப்புக்குப் பழகிய தசையில், மாவுச்சத்தை எரிக்க உதவும் பைருவேட் டிஹைட்ரோஜனேஸ் நொதியின் செயற்பாடு குறைந்திருந்தது. கிளைக்கோஜன் மிச்சமாகவில்லை; அதைப் பயன்படுத்தும் திறனே குன்றியது என இது விளக்கப்பட்டது.

2016இல் ஜெஃப் வோலெக் குழுவினர் 20 முன்னணி அல்ட்ரா ஓட்டக்காரர்களையும் டிரையத்லான் வீரர்களையும் ஒப்பிட்டனர். நெடுநாள் கொழுப்பு உணவுக்குப் பழகிய பத்துப் பேரின் உச்சக் கொழுப்பு எரிதல் நிமிடத்துக்கு 1.54 கிராம், மாவுச்சத்து உண்ட பத்துப் பேருக்கு 0.67 கிராம். இது இரு மடங்குக்கும் மேலாகும். ஆயினும் இவ்வாய்வு எரிபொருளை அளந்ததே தவிர, யார் விரைவாக ஓடினர் என்பதைச் சோதிக்கவில்லை.

அச்சோதனையை 2017இல் ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு செய்தது. உலகத்தர நடைப்போட்டி வீரர்கள் மூன்று வாரப் பயிற்சிக்குப் பின் 10 கி.மீ. போட்டியில் கலந்துகொண்டனர். மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டோர் சராசரியாக 6.6 விழுக்காடு முன்னேறினர். கொழுப்பு உணவு உண்டோர் முன்னேறவில்லை. அவர்களின் கொழுப்பு எரிதல் பெரிதும் உயர்ந்திருந்தும், அதே வேகத்தில் நடக்க அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிசன் தேவைப்பட்டது. குரோக், லின்ட்ஹார்ட் ஆகியோரின் பழைய முடிவுடன் இது ஒத்துப்போகிறது. 10 கி.மீ. நடைப்போட்டி மீநெடுந்தொலைவுப் போட்டி அன்று என்பதால், இம்முடிவை 24 மணி நேர ஓட்டத்துக்கு அப்படியே பொருத்த இயலாது என்பது மறுதரப்பினர் வாதம்.

மீன் எண்ணெய்

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் எரிபொருளாக உட்கொள்ளப்படுவதில்லை. இவை இதயம், தசை ஆகியவற்றின் செல் சவ்வுகளில் சேர்வதால் பயன் உண்டு என்று கருதப்படுகிறது. 2008இல் பீப்பிள்ஸ் குழுவினர் மிதிவண்டி வீரர்களுக்கு எட்டு வாரங்கள் மீன் எண்ணெய் கொடுத்து ஆராய்ந்தனர். உழைப்பின்போது இதயத் துடிப்பும் ஆக்சிசன் செலவும் சற்றுக் குறைந்தன. களைப்படையும் வரை உழைத்த நேரம் மாறவில்லை. போட்டித் திறனை இது உயர்த்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கீட்டோன் பானங்கள்

கொழுப்பு சிதையும்போது கல்லீரலில் உருவாகும் கீட்டோன்களைச் செயற்கையாகத் தயாரித்துப் பானமாக அருந்துவது 2010களில் பரவியது. 2016இல் காக்ஸ் குழுவினரின் ஆய்வில், ஒரு மணி நேர உழைப்புக்குப் பின் நடந்த அரைமணி நேரச் சோதனையில், கீட்டோன் எஸ்டர் அருந்திய மிதிவண்டி வீரர்கள் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதல் தொலைவு சென்றனர். 2017இல் வேறொரு கீட்டோன் சேர்மத்தைக் கொண்டு லெக்கி குழுவினர் நடத்திய சோதனையில் திறன் ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்தது; வயிற்றுக் கோளாறும் ஏற்பட்டது. அதன்பின் வந்த பல ஆய்வுகள் போட்டித் திறனில் தெளிவான முன்னேற்றத்தைக் காட்டவில்லை.

வயிறும் நெடும்போட்டியும்

மீநெடுந்தொலைவுப் போட்டிகளில் வயிற்றுக் கோளாறு மிகப் பரவலானது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டக்காரர்களைப் பற்றி ஸ்டம்ஃபில், ஹாஃப்மன் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 96 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வயிற்றுக் கோளாற்றைத் தெரிவித்தனர். பாதியில் விலகியோர் கூறிய காரணங்களில் குமட்டல் முதன்மையானது. ஓடும்போது இரத்தம் குடலைவிட்டுத் தசைகளுக்குத் திரும்புவதால் செரிமானம் தளர்கிறது. கொழுப்பு இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2013இல் ஸ்டம்ஃபில் குழுவினர் 161 கி.மீ. ஓட்டத்தில் 15 பேரின் உணவை ஆராய்ந்தபோது, வயிற்றுக் கோளாறு இல்லாதவர்களே கூடுதல் கொழுப்பு உண்டிருந்தனர். இது சிறிய ஆய்வு. காரணத்தையும் விளைவையும் இதனால் பிரித்தறிய முடியாது. இருப்பினும் மெதுவான நெடும்போட்டியில் உணவிலுள்ள மிதமான கொழுப்பு தீங்கானது அன்று என்று இதைக் கொள்ளலாம். பல மணி நேரம் இனிப்பையே உண்டு சலித்தவர்களுக்கு நிலக்கடலை, பாலாடைக்கட்டி போன்ற உணவுகள் உண்ணும் விருப்பத்தைத் தக்கவைக்கின்றன.

கொழுப்பு பயன்படும் இடங்கள்

உணவைத் தாமே சுமந்து செல்லும் பலநாள் பயணங்களில் கொழுப்பின் பயன் தெளிவானது. ஒரே எடையில் மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கு மேல் ஆற்றல் தருவதே இதன் காரணம். 1992–93இல் ரனுல்ஃப் ஃபைன்ஸ், மருத்துவர் மைக் ஸ்ட்ரவுட் ஆகியோர் அண்டார்க்டிக் கண்டத்தைச் சறுக்குவண்டி இழுத்துக் கடந்தபோது, அவர்களது உணவின் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்தே கிடைத்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 கிலோகலோரி உண்டும் இருவரும் 20 கிலோகிராமுக்கு மேல் எடை இழந்தனர். இங்கு வேகத்தைவிடச் சுமையும் ஆற்றல் பற்றாக்குறையுமே முதன்மைச் சிக்கல்கள்.

வேகப் போட்டிகளில் நடைமுறை கலவையானது. கொழுப்பு உணவைப் பின்பற்றிய டிமதி ஆல்சன் 2012இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் போட்டியைச் சாதனை நேரத்தில் வென்றார். அதே வகை உணவைப் பின்பற்றும் சாக் பிட்டர் 2019இல் 100 மைல் தொலைவை 11 மணி 19 நிமிடங்களில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அவர் கடும் பயிற்சி நாட்களிலும் போட்டியிலும் மாவுச்சத்தைப் பயன்படுத்துபவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆல்சனின் சாதனையை 2018இல் ஜிம் வாம்ஸ்லியும், பிட்டரின் சாதனையை 2021இல் லித்துவேனியாவின் அலெக்சாண்டர் சொரோக்கினும் முறியடித்தனர்.

விளையாட்டு உணவியலாளர்கள் நெடும்போட்டிகளுக்கு மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து பரிந்துரைப்பது வழக்கம். குளுக்கோசும் பிரக்டோசும் குடலில் வெவ்வேறு வழிகளில் உறிஞ்சப்படுவதால், இரண்டையும் கலந்து உண்டால் மேல் எல்லையை எட்டலாம். மெதுவாக ஓடுவோருக்கு இதைவிடக் குறைந்த அளவே போதும்.

பாதுகாப்பு

• நடுச்சங்கிலி எண்ணெயைப் போட்டி நாளில் முதன்முறையாக உட்கொள்வது வயிற்றுப்போக்குக்கும் நீரிழப்புக்கும் இடமளிக்கும்.
• மாவுச்சத்தை மிகக் குறைத்தவர்களில் சிலருக்கு இரத்தத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவு உயர்கிறது.
• 2020இல் ஹெய்க்குரா குழுவினர் நடைப்போட்டி வீரர்களை ஆராய்ந்தபோது, மூன்றரை வாரக் கொழுப்பு உணவுக்குப் பின் எலும்புச் சிதைவைக் காட்டும் குறியீடுகள் உயர்ந்திருந்தன.
• நீரிழிவு, கல்லீரல் நோய், கணைய நோய் உடையோர் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் இவற்றை உட்கொள்ளுதல் கூடாது.

மதிப்பீடு

இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் ஐந்து முதல் இருபது பேரைக் கொண்டவை. அவற்றுள் மிகுதியும் மிதிவண்டியில், ஐந்து மணி நேரத்துக்கு உட்பட்டு நடத்தப்பட்டவை. 20 அல்லது 30 மணி நேர ஓட்டத்தை ஆய்வகத்தில் நிகழ்த்துவது அரிது. பெண்களைப் பற்றிய ஆய்வுகளும் குறைவு. எனவே மிக நீண்ட, மெதுவான போட்டிகளைப் பற்றிய முடிவுகளை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும்.

கிடைத்துள்ள சான்றுகளின்படி, கொழுப்பை மிகுதியாக எரிப்பது என்பதும் போட்டியை விரைவாக முடிப்பது என்பதும் ஒன்றல்ல. ஒரு துணையுணவு கொழுப்பு எரிதலை உயர்த்துகிறது என்ற கூற்று உண்மையாக இருக்கலாம். ஆனால் வாங்குவோர் கேட்க வேண்டியது, அது போட்டி நேரத்தைக் குறைத்ததா என்பதே. நெடுநாள் பயிற்சியும், குடல் ஏற்கும் அளவில் மாவுச்சத்தும் இந்நாள் வரை எந்தக் கொழுப்புத் துணையுணவையும்விட உறுதியான பயனைத் தந்துள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

• அல்ட்ரா மாரத்தான்
• கிளைக்கோஜன்
• கொழுப்பு அமிலம்
• கீட்டோன் உணவு முறை
• இழைமணி
• தேங்காய் எண்ணெய்